பழைய மாடல் ரயில் என்ஜினை மீண்டும் ஓட வைப்பது: பெட்டியிலிருந்து தண்டவாளம் வரை முழுமையான வழிகாட்டி

இருபது முப்பது வருடம் பெட்டியிலேயே கிடந்த ஒரு மாடல் என்ஜின் கைக்கு வந்தால், புதிதாக வருபவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். தண்டவாளத்தில் வைத்து கன்ட்ரோலரை முழுவதுமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். இறுகிப்போன கிரீஸில் மாட்டிக்கொண்ட மோட்டார் சுழல முடியாமல் சூடாகும். ஒரு நிமிடத்தில் கருகல் வாசனை வரும். ஐம்பது வருடம் தாக்குப்பிடித்த சுருள் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும். என் கண்முன்னே இது மூன்று முறை நடந்திருக்கிறது. மூன்றுமே அரை நாள் வேலையில் நன்றாக ஓடியிருக்க வேண்டிய என்ஜின்கள்.

அதனால் இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். மின்சாரம் கொடுப்பது பத்தாவது படி. அதற்கு முன்னால் உள்ள ஒன்பதையும் தாண்டாதீர்கள்.

இங்கே சொல்வது பெரும்பாலும் 1950களிலிருந்து 1980கள் வரை வந்த, 12 வோல்ட் டிசியில் ஓடும் எச்ஓ, ஓஓ அளவு என்ஜின்களுக்கானது. மற்ற வகைகளுக்கு எங்கே வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

முதலில் அளவு. சக்கரங்கள் 16.5 மி.மீ. இடைவெளி உள்ள தண்டவாளத்தில் உட்கார்ந்தால் அது எச்ஓ அல்லது ஓஓ. எச்ஓ என்றால் 1:87, ஓஓ என்றால் 1:76. இரண்டுக்கும் தண்டவாளம் ஒன்றே, பாடியின் அளவுதான் வேறு. 9 மி.மீ. என்றால் ‘என்’ (N) அளவு, 32 மி.மீ. என்றால் ஓ அளவு.

அடுத்து, எந்த மின்சாரம்? என்ஜினைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நடுவாக நீளமான உலோகப் பட்டையோ சிறிய உருளையோ இருந்தால் அது மூன்று தண்டவாள முறையில் ஓடுவது. இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். மூன்று தண்டவாளம் என்றாலே ஏசி என்று நினைத்துவிடுகிறார்கள். மார்க்லினின் எச்ஓ என்ஜின்களும் லயனலின் ஓ அளவு என்ஜின்களும் ஏசியில் ஓடுபவை, உண்மைதான். ஆனால் 1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோ மூன்று தண்டவாளத்தில் 12 வோல்ட் டிசியில் ஓடியது. அதன் இரண்டு தண்டவாள வகை 1959இல்தான் வந்தது.

சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை. சின்ன இரும்பு ஸ்க்ரூவை நூலில் கட்டி, மோட்டார் இருக்கும் இடத்தருகே தொங்கவிடுங்கள். நன்றாக இழுத்தால் உள்ளே நிரந்தரக் காந்தம் இருக்கிறது, டிசி மோட்டார். இழுக்கவே இல்லை, காந்தம் இருக்க வேண்டிய இடத்தில் தாமிரச் சுருள்தான் தெரிகிறது என்றால் பெரும்பாலும் ஏசி. டிசி மோட்டாருக்கு ஏசி கொடுத்தால் அது ஓடாது. நின்ற இடத்திலேயே அதிர்ந்து சூடாகும்.

2. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு உட்காருங்கள்

பாதி பிரித்த என்ஜினை மேசையில் விட்டுவிட்டு ஒரு சாமானைத் தேடி எழுந்து போனால், திரும்பி வரும்போது ஒரு ஸ்பிரிங் காணாமல் போயிருக்கும். தேவையானவை இவை:

- ஸ்க்ரூவின் வெட்டில் சரியாகப் பொருந்தும் சிறிய ஸ்க்ரூடிரைவர்கள். முனை சிறியதாக இருந்தால் பழைய ஸ்க்ரூவின் தலை சிதையும்.
- மல்டிமீட்டர்.
- 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சதவீதம் குறைந்தால் அதில் தண்ணீர் அதிகம், இரும்பு துருப்பிடிக்கும்.
- பஞ்சுக் குச்சி, பல்குத்தும் மரக்குச்சி, மென்மையான பிரஷ்.
- பிளாஸ்டிக்கைப் பாதிக்காத மெல்லிய எண்ணெய், அதே வகை கிரீஸ்.
- 12 வோல்ட், 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, இரண்டு ஒயருடன். எதற்கென்று பத்தாவது படியில் வரும்.
- நன்றாக வேலை செய்யும் புதிய டிசி கன்ட்ரோலர்.

கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். என்ஜினோடு வந்த பழைய மின் பெட்டியைச் சுவரில் செருகக் கூடாது. அதன் ஒயர்களின் ரப்பர் உறை வெடித்து உதிர்ந்திருக்கும். தொட்டால் வீட்டு மின்சாரம் நேராக உடம்பில் பாயும். காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீல் உல் வேண்டாம், அதன் இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டி மோட்டாருக்குள் போய்விடும். அசிட்டோன் வேண்டாம், பிளாஸ்டிக் உருகும். சமையல் எண்ணெய் வேண்டாம், சில மாதங்களில் பிசினாகிவிடும். துரு விடுவிக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம், அது பரவக் கூடாத இடத்துக்கெல்லாம் பரவும்.

3. படம் எடுத்த பிறகே தொடுங்கள்

நான்கு பக்கமும், மேலேயும், கீழேயும். பாடியைக் கழற்றியதும் மறுபடி எல்லாப் பக்கமும். எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதெல்லாம் நினைவில் இருக்கும் என்று தோன்றும். இருக்காது.

4. உலோகம் நல்ல நிலையில் இருக்கிறதா?

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். ஆனால் மற்ற வேலையெல்லாம் தேவையா என்பதையே இதுதான் தீர்மானிக்கும்.

பழைய என்ஜின்களின் அடிச்சட்டம் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. வார்க்கும்போது ஈயம் போன்ற கலப்படம் சிறிதளவு சேர்ந்திருந்தாலும், உலோகத்தின் நுண்மணிகளுக்கு நடுவே அரிப்பு தொடங்கி உள்ளுக்குள்ளேயே பரவும். இதைத் துத்தநாகச் சொத்தை என்று சொல்லலாம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மாடல்களில் இது அதிகம்.

நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் சிலந்தி வலை போன்ற விரிசல், மூலைகளில் கொப்புளம், நேராக இருக்க வேண்டிய சட்டம் வில்லாக வளைந்திருப்பது, இவைதான் அடையாளம். சொத்தை பிடித்த உலோகம் உப்பும். அதனால் அச்சுத் துளைகள் இடம் மாறி, சக்கரங்கள் இறுகிவிடும்.

இதற்கு மருந்து கிடையாது. பசை போட்டாலும் உள்ளே அரிப்பு நிற்காது. அப்படிப்பட்ட என்ஜினைப் பிரிக்க முயன்றால் கையிலேயே துண்டாகும். உலர்ந்த இடத்தில் காட்சிக்கு வையுங்கள், அல்லது மாற்றுச் சட்டம் கிடைக்கும்வரை பொறுங்கள்.

5. மல்டிமீட்டரிடம் கேளுங்கள்

இரண்டு தண்டவாள முறை என்ஜின் என்றால், மீட்டரை ஓம் அளவில் வைத்து, இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். சில என்ஜின்கள் ஒரு பக்க மின்சாரத்தை மட்டும் என்ஜினிலும், மறு பக்கத்தை டெண்டரிலும் (நீராவி என்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டி) எடுக்கும். அப்படியானால் இரண்டையும் இணைத்த நிலையில் அளக்க வேண்டும்.

சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரை காட்டினால் நல்ல சகுனம். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் பதறாதீர்கள். அழுக்குச் சக்கரம் மீட்டரையும் ஏமாற்றும். மீட்டர் முனைகளை நேராக இரண்டு கார்பன் பிரஷ்களில் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னக் கார்பன் துண்டுகள்) வைத்து மறுபடி பாருங்கள். அங்கே அளவு காட்டினால் மோட்டார் நலம், வழியில்தான் அழுக்கு.

இந்த நேரத்தில் பலர் சக்கரத்தைக் கையால் உருட்டிப் பார்ப்பார்கள். செய்யாதீர்கள். பழைய என்ஜின்களில் பெரும்பாலானவை வார்ம் கியர் வைத்தவை. திருகு போன்ற வார்ம் சக்கரத்தைச் சுழற்றும், ஆனால் சக்கரத்தால் வார்மைச் சுழற்ற முடியாது. அழுத்தி உருட்டினால் பல் உடையும். மோட்டாரின் ஆர்மேச்சரை, அதாவது சுருள் சுற்றிய சுழலும் பகுதியை, விரல் நுனியால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் அசைய வேண்டும்.

6. பிரிப்பது

பாடி கழலவில்லை என்றால் இன்னும் ஒரு ஸ்க்ரூ எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். புகைபோக்கிக்குள், கொக்கிக்குப் பின்னால், முன் போகிக்கு (முன்னால் உள்ள சிறு சக்கரத் தொகுதி) மேலே என்று தேடுங்கள். ஸ்க்ரூவே இல்லாமல் பிளாஸ்டிக் நாக்குகளில் மாட்டியிருக்கும் பாடிகளும் உண்டு. அவற்றை நெம்பாமல், இரு பக்கமும் நகத்தால் லேசாக விரித்து எடுங்கள். பழைய பிளாஸ்டிக் வளைவதில்லை, முறியும்.

ஸ்பிரிங்கைத் தொடும் வேலையை ஒரு பெரிய கண்ணாடிக் கவருக்குள் கைகளை விட்டுச் செய்யுங்கள். பிரஷ் ஸ்பிரிங் தெறித்தால் கவருக்குள்ளேயே விழும். இந்த ஒரு பழக்கத்தால் நான் காப்பாற்றிய ஸ்பிரிங்குகள் ஏராளம்.

7. மோட்டார்: இங்கே நேரம் செலவிடுங்கள்

முதல் விதி: காந்தத்தைக் கழற்றாதீர்கள். பழைய மோட்டார்களின் காந்தம் பெரும்பாலும் ஆல்நிக்கோ வகை. அதை இரும்புச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்தால் காந்தச் சுற்று உடைந்து பலம் குறைந்துவிடும். திரும்ப வைத்தாலும் பழைய பலம் வராது. பலம் குறைந்த மோட்டார் சுமையில்லாமல் வேகமாகச் சுழலும், அதிக மின்சாரம் இழுக்கும், சீக்கிரம் சூடாகும், நான்கு பெட்டி மாட்டினால் திணறும். ஆர்மேச்சரைச் சுத்தம் செய்யக் காந்தத்தை எடுக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை.

இரண்டாவது விதி: ஆர்மேச்சரை ஆல்கஹாலில் ஊற வைக்காதீர்கள். பழைய சுருள்களில் காப்புக்காகப் பூசிய அரக்கு ஆல்கஹாலில் கரையும். அது கரைந்தால் சுற்றுக்குச் சுற்று ஒட்டி, மோட்டார் முடிந்தது.

சரி, வேலைக்கு வருவோம். பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எந்தப் பிரஷ் எந்தப் பக்கம், எந்தத் திசையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நெடுநாள் ஓடிய பிரஷின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்கேற்பக் குழிந்திருக்கும். திருப்பி வைத்தால் விளிம்பு மட்டும் தொட்டு, பொறி பறக்கும். தேய்ந்து தேய்ந்து ஸ்பிரிங்கோ பிரஷ் பிடிப்பானோ கம்யூட்டேட்டரைத் தொடும் நிலைக்கு வந்திருந்தால் புதிது போடுங்கள்.

கம்யூட்டேட்டர் என்பது ஆர்மேச்சர் அச்சில் உள்ள சின்னத் தாமிர வளையம். பழைய மோட்டார்களில் பெரும்பாலும் மூன்று துண்டாக இருக்கும். கருத்துப்போயிருந்தால் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியை அதன்மேல் வைத்து, ஆர்மேச்சரை விரலால் சுழற்றுங்கள். குச்சி கருப்பாகும். கருப்பு வருவது நிற்கும்வரை குச்சிகளை மாற்றிக்கொண்டே இருங்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் கோடு விழும், அந்தக் கோடுகள் பிரஷை அரம் போல் அறுக்கும்.

தாமிரத் துண்டுகளுக்கு இடையே முடி அளவு இடைவெளி இருக்கிறது பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். எண்ணெயும் கார்பன் தூளும் கலந்த கருப்பு மாவு அதில் அடைந்திருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும், அதனால் துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். மரக்குச்சியின் முனையைக் கூராக்கி, ஒவ்வொரு இடைவெளியாகச் சுரண்டுங்கள். உலோக ஊசி வேண்டாம்.

இப்போது மீட்டரை எடுத்து, மூன்று துண்டுகளையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். மூன்று அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகவும் வேறுபட்டால் அந்தச் சுருளில் கோளாறு. துண்டுகளுக்கும் அச்சுக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது.

ட்ரை-ஆங் நிறுவனத்தின் எக்ஸ்04 மோட்டார் உங்களிடம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அதில் ஒரே கம்பி ஸ்பிரிங்கின் இரண்டு கைகள் இரண்டு பிரஷ்களையும் அழுத்துகின்றன. ஒரு கையில் மட்டும் சின்னக் காப்புக் குழல் மாட்டியிருக்கும். அந்தக் குழல் உதிர்ந்துபோனாலோ, பக்கம் மாற்றி மாட்டினாலோ மின்சாரம் மோட்டாருக்குப் போகாமல் ஸ்பிரிங் வழியாகச் சட்டத்துக்குப் போய் ஷார்ட் ஆகும். “சுத்தம் செய்வதற்கு முன்னால் ஓடியது, இப்போது ஓடவில்லை” என்று யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தக் குழலைத்தான். ஒயரின் மேலுறையிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டி மாட்டினால் சரியாகிவிடும்.

8. சக்கரங்களும் மின்சாரம் எடுக்கும் தகடுகளும்

சக்கரத்தின் ஓடும் பரப்பில் கருப்பாகப் படிந்திருப்பதை ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் கொண்டு எடுங்கள். கெட்டியாக இருந்தால் மரக்குச்சியால் சுரண்டுங்கள். கத்தி வைத்துச் சுரண்டினால் நிக்கல் பூச்சு போய், அந்தக் கோடுகளில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். சக்கரத்தின் பின்புறத்தைத் தொடும் மெல்லிய தகடுகளையும் துடைத்து, அவை உண்மையிலேயே சக்கரத்தைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். தொடாவிட்டால் ஒரு நூலளவு வளையுங்கள். அதிகம் அழுத்தினால் அதுவே பிரேக் ஆகிவிடும்.

பல என்ஜின்களில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும்தான் அச்சிலிருந்து மின்காப்பு செய்திருக்கும். அச்சைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டால் உடனே ஷார்ட். கழற்றும்போதே காப்புள்ள பக்கத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள்.

நீராவி என்ஜின் மாடல்களில் சக்கரத்தை அச்சிலிருந்து பிடுங்கவே பிடுங்காதீர்கள். இடப்பக்கச் சக்கரத்தின் கிராங்கு முளைக்கும் வலப்பக்க முளைக்கும் 90 பாகை வித்தியாசம் இருக்கும்படி பொருத்தியிருப்பார்கள். எல்லா அச்சுகளிலும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் அச்சில் சிறிது பிசகினாலும் இணைப்புத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இறுகும். அதைத் திரும்பச் சரிசெய்ய அதற்கென்றே ஒரு கருவி வேண்டும்.

சில சக்கரங்களில் பிடிப்புக்காக ரப்பர் வளையம் இருக்கும். அது கெட்டியாகியிருந்தால் மாற்றுங்கள். பழைய ரப்பர் தண்டவாளம் முழுக்கக் கறை பூசிக்கொண்டே போகும்.

9. பல்சக்கரமும் எண்ணெயும்

பழைய கிரீஸ் தேன் நிறத்தில் மெழுகாக இறுகியிருக்கும். அதன்மேலேயே புது எண்ணெய் விடுவதுதான் மிகப் பரவலான தவறு. எண்ணெய் மெழுகைச் சிறிது இளக்கும், ஓரிரு நாள் நன்றாக ஓடும், பிறகு இரண்டும் கலந்து பசையாகும். முழுவதையும் மரக்குச்சியால் எடுத்துவிட்டு, ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் ஒவ்வொரு பல்லையும் துடையுங்கள்.

துடைக்கும்போதே பிளாஸ்டிக் பல்சக்கரங்களில் விரிசல் தேடுங்கள். அச்சின்மேல் இறுக்கமாக மாட்டிய பல்சக்கரம் வருடங்கள் போகப் போக அச்சுத் துளையிலிருந்து ஒரு பல்லின் அடிவரை பிளந்துவிடும். அந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி அகலும். ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்று கேட்பது இதனால்தான். ஒட்டிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

எண்ணெய் விடுவது ஊசி முனையால். ஊசியை எண்ணெயில் தொட்டு எடுத்தால் நுனியில் ஒரு சிறு மணி நிற்கும். அந்த ஒரு மணி ஒரு பேரிங்குக்குப் போதும். மோட்டார் அச்சின் இரு முனைகள், சக்கர அச்சுகள், இணைப்புத் தண்டின் முளைகள், அவ்வளவுதான். பேரிங் அருகே ஃபெல்ட் துண்டு இருந்தால் அதற்கு இரண்டு மணி. வார்முக்கும் பல்சக்கரத்துக்கும் கடுகளவு கிரீஸ். கம்யூட்டேட்டர் பக்கம் எண்ணெய் போகவே கூடாது. போனால் ஏழாவது படியை மறுபடி செய்ய வேண்டியதுதான்.

10. முதல் மின்சாரம்

இப்போதுதான் அந்தக் கார் பல்புக்கு வேலை. கன்ட்ரோலரிலிருந்து வரும் இரண்டு ஒயர்களில் ஒன்றின் நடுவே பல்பைத் தொடராக இணையுங்கள். என்ஜினில் ஷார்ட் இருந்தால் மின்சாரம் முழுவதும் பல்பு வழியாகப் போய் அது பளிச்சென்று எரியும், என்ஜின் தப்பிக்கும். மோட்டார் நலமாக இருந்தால் பல்பு எரியாது, அல்லது உள்ளே கம்பி மங்கலாகச் சிவக்கும்.

என்ஜினைக் கவிழ்த்து மென்மையான துணியில் படுக்க வையுங்கள். ஒயர் முனைகளைச் சக்கரங்களில் தொட்டு, 4 அல்லது 5 வோல்ட்டில் தொடங்குங்கள். சுழலாவிட்டால் ஆர்மேச்சரை விரலால் ஒருமுறை தள்ளிவிடுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் வோல்ட்டை ஏற்றாதீர்கள். நிறுத்திவிட்டு, எங்கே இறுகுகிறது என்று தேடுங்கள்.

பிரஷ் பக்கம் சின்ன நீலப் பொறி தெரிவது இயல்பு. வளையத்தைச் சுற்றி மஞ்சளாகப் பொறி ஓடினால் இடைவெளிகளில் இன்னும் அழுக்கு இருக்கிறது. இரண்டு நிமிடம் ஓடவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, விரல் வைக்க முடியாத சூடு சரியில்லை. பழைய திறந்த மோட்டார்கள் இன்றைய மோட்டார்களைவிட அதிகம் இழுக்கும். அரை ஆம்பியர் வரை காட்டினால் கவலைப்பட வேண்டாம்.

எல்லாம் சரியென்றால் பல்பை எடுத்துவிட்டு, பாதி வேகத்தில் முன்னே அரை மணி நேரம், பின்னே அரை மணி நேரம் ஓடவிடுங்கள். நடுநடுவே ஓய்வு கொடுங்கள். புதுப் பிரஷ் போட்டிருந்தால் அதன் முகம் வளையத்துக்கேற்பப் படிவதற்கு இந்த ஒரு மணி நேரம் அவசியம்.

11. தண்டவாளத்தில்

இரண்டு தண்டவாள டிசி முறையில், என்ஜின் போகும் திசையைப் பார்த்து வலப்பக்கத் தண்டவாளம் பாசிட்டிவ் ஆனால் என்ஜின் முன்னோக்கிப் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் மோட்டார் ஒயர்கள் மாறியிருக்கும், அல்லது யாரோ முன்பு காந்தத்தைக் கழற்றித் திருப்பி வைத்திருப்பார்கள்.

பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழமானது. கோட் 100 தண்டவாளம் 0.100 அங்குலம் உயரம், அதில் பெரும்பாலும் ஓடிவிடும். கோட் 75 என்றால் 0.075 அங்குலம்தான், விளிம்பு ஸ்லீப்பர்களின் பிடிகளில் இடித்து ‘தடதட’ என்று ஒலிக்கும். கிளைப்பாதையில் மட்டும் தடம் புரண்டால், சக்கரங்களின் உட்புற இடைவெளி குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய அளவு சுமார் 14.4 மி.மீ. இது சக்கரத்தின் குறை அல்ல, இரண்டு காலத்து அளவுகள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். விளிம்பை அரம் வைத்துத் தேய்க்காதீர்கள். அந்த என்ஜினுக்கென்று பழைய வகைத் தண்டவாளத்தில் ஒரு சுற்று போட்டுக்கொடுப்பது நல்லது.

டிசிசி (டிஜிட்டல் கட்டளையால் என்ஜின்களை இயக்கும் முறை) தண்டவாளத்தில் இதை அப்படியே வைக்க வேண்டாம். நிற்கும்போதும் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், ரீங்காரமிட்டுச் சூடாகும். டிகோடர் (அந்தக் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) வைப்பதானால் இரண்டு பிரஷ்களையும் சட்டத்திலிருந்து முழுவதுமாக மின்காப்பு செய்தாக வேண்டும். பல பழைய மோட்டார்களில் ஒரு பிரஷ் சட்டத்தோடு இணைந்தே இருக்கும். அதைக் கவனிக்காமல் இணைத்தால் டிகோடர் போய்விடும்.

12. பாடி

குறைவாகச் செய்வதே இங்கே நல்லது. குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மென்மையான பிரஷ், அவ்வளவு போதும். எண்ணும் எழுத்தும் உள்ள இடத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஆல்கஹால் சில வண்ணங்களையும் எழுத்துகளையும் கரைத்துவிடும். ஆரம்பகால ட்ரை-ஆங் பாடிகள் சில செல்லுலோஸ் அசிட்டேட்டில் வார்த்தவை, தானாகவே வளையும் குணம் உள்ளவை. வெந்நீர் அவற்றுக்கு ஆகாது.

பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தூள் கிளப்பாதீர்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். மறுபடி வண்ணம் பூசும் ஆசை எல்லோருக்கும் வரும். தொழிற்சாலையில் பூசிய வண்ணத்தை ஒருமுறை எடுத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர வழியில்லை. அந்த மாடல் எந்த வருட வார்ப்பு, எந்த வகை என்று அடுத்தவர் அடையாளம் காண உதவுவதே அந்த வண்ணமும் எழுத்தும்தான்.

13. பத்திரமும் குறிப்பும்

ஸ்பஞ்சு மெத்தையில் வைக்காதீர்கள். பாலியூரித்தேன் ஸ்பஞ்சு வருடங்களில் பிசுபிசுத்து வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடமாவது ஓட்டுங்கள்.

கழற்றிய பழைய பிரஷ், விரிசல் விட்ட பல்சக்கரம், உதிர்ந்த ஸ்க்ரூ எதையும் எறியாதீர்கள். சின்னக் கவரில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள். மாற்றுப் பாகம் தேடும்போது பற்களை எண்ணவும் அச்சு விட்டத்தை அளக்கவும் அந்த உடைந்த பாகம்தான் உதவும். கூடவே ஒரு சின்ன அட்டை: எந்தத் தேதியில் திறந்தீர்கள், எதை மாற்றினீர்கள், எந்த எண்ணெய், மூன்று சுருள்களும் எத்தனை ஓம் காட்டின, எத்தனை வோல்ட்டில் நகரத் தொடங்கியது. அடுத்த முறை அந்த என்ஜின் தடுமாறும்போது முதலில் அந்த அட்டையை எடுத்து, அதே அளவுகளை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். எது மாறியிருக்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.